பழைய காரில் கை ஏன் விழித்தே இருக்கிறது?

2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் கார்களில், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். டயருக்கும் கைக்கும் நடுவே இரும்புத் தண்டுகளும் பல்சக்கரமும்தான். வளைவில் திரும்பும்போது, டயர் தரையைத் தொடும் பகுதி நசுங்கித் திருகிக்கொள்ளும். பக்கவாட்டு விசை அதன் நட்டநடுவில் அல்லாமல் சற்றுப் பின்னால் விழுவதால், சக்கரம் தானாகவே நேராகத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பைத்தான் உள்ளங்கை உணர்கிறது. வேடிக்கை என்னவென்றால், டயர் பிடிப்பின் எல்லையை எட்டுமுன்பே இழுப்பு தளரத் தொடங்கிவிடும். வளைவில் ஸ்டியரிங் சட்டென லேசானால், முன்சக்கரம் வழுக்கப் போகிறது என்று அர்த்தம்.

இன்றைய கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்பப் பெரும்பாலும் மின்மோட்டார் கைகொடுக்கிறது. எவ்வளவு உதவுவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. சாலையின் அதிர்வை வடிகட்டும்போது, டயர் கைக்கு அனுப்பும் சேதியிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. (நெருக்கடியான சந்தில் பார்க்கிங் செய்பவர் இதற்காக வருந்த மாட்டார்!)

பிரேக்கும் பேசும். மலையிறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவைவிட்டு விலகும். ஷூவின் மேலுள்ள லைனிங்கின் உராய்வும் குறையும். பெடல் கீழே இறங்கும். அதனால்தான் மலைப்பாதை ஓட்டுநர்கள் இரண்டாவது கியரிலேயே இறங்குவார்கள். சுமையில் ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும்.