பட்டணத்துப் பிள்ளைக்குப் பாட்டிதான் வாத்தியார்!

மங்களூர் என்றதும் கர்நாடகத்து மங்களூரை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது கடலூர் மாவட்டம், திட்டக்குடி பக்கம். வானம் பார்த்த பூமி.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனுக்கு விவசாயப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கரூர் மாவட்டம் கடவூரில் நம்மாழ்வார் ஐயா 2009-ல் ஆரம்பித்த 'வானகம்' பண்ணைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தான். 2013 டிசம்பர் 30-ல் ஐயா காலமான பிறகும் அங்கே பயிற்சி நடக்கிறது. நகரத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்களாம். அதுவும் எங்க ஊர் மாதிரி வறண்ட பூமிதான். இலை தழையால் மண்ணுக்கு மூடாக்குப் போடுவது, பல தானியங்களைக் கலந்து விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது, சாணம், கோமியம், வெல்லம் கலந்த அமிர்தக் கரைசல் எல்லாம் கற்றுக்கொண்டான். இப்போது அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் நாலைந்து குடும்பம் சேர்ந்து தோட்டம் போட்டிருக்கிறார்கள். காய்கறித் தோல் குப்பைக்குப் போகாமல் உரமாகிறது. மாடி ஒழுகும் என்று சண்டை போட்ட அம்மாதான் இப்போ கீரை பறிக்க முதல் ஆளாம்!

பொங்கலுக்கு வந்தவன் இதையெல்லாம் பெருமையாகச் சொல்ல, என் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விதை ஏதுப்பா?" கடையில் வாங்கிய பாக்கெட், வீரிய ஒட்டு ரகம். அதில் விதை எடுத்து மறுபடி போட்டால் முதல் செடி மாதிரி காய்க்காது. ஒவ்வொரு தடவையும் கடைக்குத்தான் போகணும். "விதையை விலைக்கு வாங்கிட்டே இருந்தா, அப்புறம் என்ன சொந்த வெள்ளாமை?" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் பாட்டிதான் வாத்தியார். நல்லா திரண்ட பீர்க்கங்காயைக் கொடியிலேயே முற்றவிடுவது, கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பது, பூசணி விதையைச் சாணியில் பொதிந்து சுவரில் அப்புவது... பையன் செல்போனில் படம் பிடித்துத் தள்ளிவிட்டான்.

என் ஆதங்கம் வேறு. வரகும் துவரையும் கலந்து விதைத்த எங்க காட்டில் இப்போ மக்காச்சோளமும் பருத்தியும்தான். அத்தனையும் கடை விதை. பத்தாவது படிக்கும் என் மகன் இதையெல்லாம் கேட்க ஒரு நாளும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. மாமியாருக்கு வயசு எழுபத்தாறு. விதைக்கட்டுகிற பக்குவம் தெரிந்தவங்க எங்க தெருவில் இன்னும் மூணு பேர்தான்.

ஆடிப்பட்டத்துக்கு அண்ணன் மகன் கூட்டாளிகளோடு வருகிறானாம். எங்களிடம் பீர்க்கன், சுரை, அவரை விதை இருக்கு. வரகுதான் கைவிட்டுப் போச்சு. விருத்தாசலம், பெரம்பலூர் பக்கத்துச் சகோதரிகள் யாராவது வைத்திருந்தால் ஒரு படி கொடுங்களேன். பதிலுக்குப் பீர்க்கன் விதை தருகிறோம்.

- ஒரு வாசகி, மங்களூர்.