நிலைகுலைந்த கெர்னலின் சாட்சியம்

புனேயின் ஔந்தை அடுத்த கணேஷ்கிந்தில், பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்திருந்த சி-டாக் நிறுவனம் 1991இல் பரம் 8000 மீத்திறன் கணினியை உருவாக்கியது. அதன் வழிவந்த பரம் சித்தி-ஏஐ, 2020 நவம்பரில் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் 63ஆம் இடத்தைப் பெற்றது. 2017 நவம்பர் முதல் அப்பட்டியலிலுள்ள கணினிகள் அனைத்தும் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் இயங்குகின்றன. இத்தகைய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் கட்டளை வரி வழியாக, அதாவது விசைப்பலகையில் தட்டும் எழுத்துக் கட்டளைகள் வழியாக, பயன்படுத்துவதால், ஒருவரின் கட்டளை ஒரு கணுவை, அதாவது அதன் உறுப்பான தனிக் கணினி ஒன்றை, சாய்த்துவிட்டால் அதில் ஓடும் பிறரின் கணக்கீடுகளும் அழிந்துபோகின்றன.

சாதாரணப் பயனரின் கட்டளை எதுவும் கணினி முழுவதையும் வீழ்த்தக் கூடாது என்பதே இயங்குதள வடிவமைப்பின் அடிப்படை. நினைவகத்தையும் வன்பொருளையும் ஆளும் மையநிரலான கெர்னல், கட்டளைகளைத் தனித்தனி வேலிகளுக்குள் இயக்குவதால், பிழையுள்ள கட்டளை தான் மட்டுமே மடிய வேண்டும். ஆகவே ஒரு கட்டளையால் கணினியே சாயும்போது, பெரும்பாலும் அக்கட்டளை குற்றவாளியன்று. கெர்னலிலோ சாதன இயக்கியிலோ வன்பொருளிலோ ஏற்கெனவே இருந்த குறையை வெளிக்கொணர்ந்த சாட்சி மட்டுமே. நினைவகம் தீரும்போது கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்து கொன்று கணினியைக் காக்க முயல்வது வேறு வகை. அதை நிலைகுலைவு என்று எண்ணி மயங்குவோர் பலர்.

முழு நிர்வாக உரிமையுடன் இயங்கும் கட்டளைகளுக்கு இந்த வேலிகள் பெரிதும் விலகிவிடுகின்றன. 2016இல், கோப்புகள் அனைத்தையும் அழிக்கும் கட்டளை சில மடிக்கணினிகளில், கணினியைத் தொடங்கிவைக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரின் அமைப்புத் தரவுகளையும் அழித்து, அவை மீண்டும் தொடங்கவே இயலாதபடி செய்தது. அத்தரவுகள் கோப்புகளைப் போலவே காட்சியளித்ததே காரணம் என்பதால், அவை எளிதில் அழிக்கப்படாதவாறு கெர்னல் பின்னர் திருத்தப்பட்டது.

காரணத்தைத் தேடுபவர் முதலில் முந்தைய இயக்கத்தின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். ஆனால் மிகக் கடுமையான வீழ்ச்சியில் கடைசி வரிகள் வட்டை அடைவதில்லை; நிலைகுலைந்த கெர்னலே தன் நினைவகத்தை வட்டில் எழுத முயன்றாலோ, சிதைந்த நிலையில் தவறான இடத்தில் எழுதிவிடக்கூடும். இந்தச் சிக்கலுக்கு அழகான தீர்வைத் தந்தது கேடம்ப் என்ற லினக்ஸ் வசதி. ஐபிஎம்மின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர், ஓடும் கெர்னலிலிருந்தே வேறொரு கெர்னலைத் தொடங்கும் எரிக் பீடர்மனின் கேஎக்ஸெக் முறையை அடித்தளமாகக் கொண்டு வளர்த்த இது, 2005இல் லினக்ஸ் 2.6.13இல் இடம்பெற்றது. கணினி தொடங்கும்போதே நினைவகத்தின் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் சிறிய இரண்டாம் கெர்னலொன்றை ஏற்றி வைக்கிறார்கள். முதல் கெர்னல் குலைந்தவுடன், ஃபர்ம்வேர் வழியாக மறுதொடக்கம் செய்து நினைவகத்தைத் துடைத்துவிடாமல், கட்டுப்பாடு நேரே இரண்டாவதற்குத் தாவுகிறது; சிதையாத அந்தக் கெர்னல், இறந்ததன் நினைவகத்தை அப்படியே படித்துக் கோப்பாகச் சேமிக்கிறது.

இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே சோதிக்காமல் நம்புவது பெரும் பிழை. கெர்னலை வேண்டுமென்றே குலைக்கும் சிஸ்ஆர்க்யூ கட்டளையை, பயனர்கள் இல்லாத வேளையில் சோதனைக் கணினியில் இயக்கிப் பார்ப்பதே முறை. பின்னர் கிராஷ் என்ற பகுப்பாய்வுக் கருவியில், சேமிக்கப்பட்ட நினைவகக் கோப்பைத் திறந்தால், வீழ்ச்சியின்போது எந்தக் கட்டளை இயங்கிக்கொண்டிருந்தது, அது கெர்னலின் எந்தச் செயல்கூறுகளின் வழியாகச் சென்று எந்த இயக்கியில் இடறியது என்பவை வரிவரியாகத் தெரிகின்றன.