கட்டுச்சோறு சுமக்கும் நிரல்கள்

முத்தியால்பேட்டையிலிருந்து வில்லியனூர்த் தேர் காண இருவர் புறப்படுகின்றனர் என்று கொள்வோம். ஒருவர், அங்கே அன்னதானம் கிடைக்கும் என நம்பி வெறுங்கையுடன் நடக்கிறார். மற்றவர் கட்டுச்சோறு, தண்ணீர், பாய் யாவும் சுமந்து செல்கிறார். கணிப்பொறி நிரல்களிலும் இவ்விரு வகை உண்டு.

‘வணக்கம்’ என்று மட்டும் திரையில் காட்டும் நிரலைச் சி மொழியில் எழுதினால், லினக்ஸில் அது ஏறத்தாழ 16 கிலோபைட்டில் அடங்கும். எழுத்தைத் திரையிலிடும் வேலையைப் பொறியில் ஏற்கெனவே உள்ள பொது நிரல் நூலகம் ஏற்றுக்கொள்கிறது. கோ மொழியிலோ அதே வணக்கம் ஒரு மெகாபைட்டைத் தாண்டிவிடும். நினைவகத்தைத் துப்புரவு செய்யும் பகுதி முதலானவற்றை அது தன்னுடனேயே சுமக்கிறது. வீண்சுமை என்று இகழ வேண்டா. அந்நூலகம் இல்லாத லினக்ஸ் பொறியிலும் அது ஓடுமன்றோ?

பைத்தானின் கதை வேறு. நிரல் சிறிது; ஆனால் அதைப் பொருளுணர்ந்து நடத்த மற்றொரு பெரிய நிரல் உடனிருக்க வேண்டும். எண்களும் இடம் மிகுதியாய்க் கேட்கும். சி மொழியில் ஒரு முழுவெண்ணுக்குப் பெரும்பாலும் 4 பைட்டு. பைத்தானில் சிறிய எண்ணுக்கே 28. பட்டியலில் அதன் இருப்பிடத்தைக் குறிக்க இன்னும் 8. வெவ்வேறான பத்து இலட்சம் எண்களுக்கு முன்னதில் 40 இலட்சம் பைட்டு, பின்னதில் 360 இலட்சம்!

மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியின் நினைவகம் 2048 சொற்களே. சொல்லுக்கு 40 பிட்டு. மொத்தம் 10 கிலோபைட்டு. நம் சி மொழி வணக்கமே அதில் நுழையாது. இன்று மாணவர் கையாளும் ஆர்டுயினோ ஊனோ பலகைகள் பலவற்றிலும் வேலை நினைவகம் 2 கிலோபைட்டுதான். அங்கே பைத்தானுக்கு இடமில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியையே நாடுகிறோம். ஆயினும் வகுப்பு மதிப்பெண்களைக் கூட்டுவதற்கு நான் பைத்தானையே எடுப்பேன்; மடிக்கணினியில் இடத்துக்குப் பஞ்சமில்லை.