உங்களுக்குத் தெரியுமா? ஓவனுக்கு எந்த ஒயர்?

● 2,000 வாட்ஸ் ஓவன், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதற்குப் போதாது. 16 ஆம்பியர் பாயின்ட்டும், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் வேண்டும்.

● 3,500 வாட்ஸ் ஓவன் என்றால் 15 ஆம்பியரைத் தாண்டும். அதற்கு 4 சதுர மி.மீ. ஒயரில் தனி லைன் இழுப்பதே நல்லது.

● மின்னோட்டம் இரு மடங்கானால், ஒயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். மெல்லிய ஒயரின் மேலுறை இளகித் தீப்பிடிப்பது இதனால்தான்.

● எம்.சி.பி. (மின்சுமை மிகும்போது தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) முதலில் காப்பது ஒயரைத்தான். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று ஒயரை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. மாட்டினால், அந்தக் காவல் போய்விடும்.

ஓவன் வாங்கும் முன், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் ஒயரின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.