சேர்வரை மாற்ற முன் திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என எமது கரையோர நகரங்களில் ஓரளவு பெரிய கடைகள் பலவற்றில் இன்று பில் போடுவது கணினிதான். முன்னால் இரண்டு மூன்று கவுன்டர்கள், உள்ளே அவை அனைத்தையும் இணைக்கும் ஒரு பிரதான கணினி. அதைத்தான் சேர்வர் என்கிறோம். கையிருப்பு, கொள்வனவு விலை, வாடிக்கையாளர் தர வேண்டிய கடன் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பெரும்போக அறுவடை முடிந்ததும் தருவதாகக் கூறி விவசாயி கொண்டு சென்ற உரத்தின் கணக்கும் அங்கேதான்.

அந்தச் சேர்வரின் இயங்குதளத்தை இரவோடிரவாகப் புதுப்பித்துவிட்டு, காலையில் கடை திறந்தால் ஒரு கவுன்டரும் வேலை செய்யவில்லை. இப்படியொரு நிலை வந்தால் வியாபாரி என்ன செய்ய வேண்டும்? அதைவிட முக்கியமாக, அந்த நிலை வராமலிருக்க முன்கூட்டியே என்ன செய்திருக்க வேண்டும்?

தள்ளிப்போட்டால் தப்பலாமா?

"ஓடுகிற இயந்திரத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கின்றனர். இதற்கான பதிலை எமது நாட்டிலேயே பார்க்கலாம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையான தகவல்கள் மீட்க முடியாமல் போயின. அங்கு பாவனையில் இருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதற்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தாமதமானது. சேர்வரோடு இணைந்திருந்த பிரதிகளும் தாக்குதலில் சிக்கின. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

அவசரப்பட்டால் என்ன நடக்கும்?

இதன் மறுபக்கத்தை பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி அனுபவித்தது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தனது கணக்குகள் அனைத்தையும் புதிய கணினி முறைமைக்கு அவ்வங்கி ஒரேயடியாக மாற்றியது. தகவல்கள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய முறைமை அவற்றைத் தாங்கவில்லை. சுமார் 19 இலட்சம் வாடிக்கையாளர்கள் தமது கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். நிலைமை முற்றாகச் சீரடைய அவ்வருட டிசெம்பர் வரை சென்றது. 2022இல் ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள் விதித்த தண்டப்பணம் 4 கோடியே 86 இலட்சம் பவுண்களுக்கும் அதிகம்.

ஆக, மாற்றாமல் இருப்பதும் நட்டம், ஆயத்தமின்றி மாற்றுவதும் நட்டம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால் இந்தக் கேள்வி இப்போது சிறு கடைகளின் வாசலுக்கும் வந்துவிட்டது.

கோளாறு எங்கே இருக்கும்?

புதுப்பித்த பின் வலையமைப்பு வேலை செய்யாவிட்டால் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவ வேண்டாம். முதலில் ஒரு கேள்வி: ஒரு கவுன்டர் மட்டுமா, எல்லாக் கவுன்டர்களுமா? ஒன்று மட்டுமென்றால் பெரும்பாலும் அந்தக் கணினியில் அல்லது அதன் வயரில்தான் பிழை. எல்லாமே என்றால் சேர்வரை, அல்லது எல்லா வயர்களும் சேரும் பெட்டியைப் பாருங்கள். அதன் பிறகு வரிசையாகச் சோதியுங்கள்.

1. சேர்வரின் இலக்கம்: வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி இலக்கம் உண்டு. புதுப்பித்த பின் சேர்வரின் இலக்கம் மாறியிருந்தால் கவுன்டர்கள் பழைய இலக்கத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருக்கும். பழைய இலக்கத்தையே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும்.

2. தடுப்புச் சுவர்: கடையின் வலையமைப்பைப் புதிய இயங்குதளம் பொது இடத்து வலையமைப்பாகக் கருதினால் மற்றக் கணினிகளை உள்ளே விடாது. 2025இல் விண்டோஸ் சேர்வர் 2025 பதிப்பிலேயே இதைப் போன்ற குறைபாடு இருந்ததை மைக்ரோசொப்ட் ஒப்புக்கொண்டது.

3. பழைய கணினிகளின் பேச்சுமொழி: விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி 1 என்ற பழைய முறையைப் பயன்படுத்தின. 2017இல் உலகை ஆட்டிய வொனாக்ரை வைரஸ் அந்த வாசலூடாகவே பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து புதிய நிறுவல்களில் அது இயல்பாகவே இடம்பெறுவதில்லை. பழைய கவுன்டர் ஒன்றுக்காக அந்த வாசலை மீண்டும் திறப்பதை விட அந்தக் கவுன்டரை மாற்றுவதே மலிவு.

4. கடவுச்சொல் இல்லாத கோப்புறை: யாரும் திறக்கலாம் என்று விடப்பட்ட பொதுக் கோப்புறைகளை விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு போன்ற புதிய பதிப்புகள் ஏற்க மறுக்கின்றன. ஒவ்வொரு கவுன்டருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள்.

5. பில் மென்பொருள்: வலையமைப்பு சரியாக இருந்தும் பில் வராவிட்டால் தரவுத்தளச் சேவை தொடங்கியுள்ளதா, அனுமதிப்பத்திரச் சாவி ஏற்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மென்பொருள் தந்தவரை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். செய்ததைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று எவருக்கும் தெரியாது.

வியாபாரி கேட்க வேண்டியவை

இவற்றையெல்லாம் கடை முதலாளி தன் கையால் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வேலையைப் பொறுப்பேற்கும் தொழில்நுட்பவியலாளரிடம் மூன்று கேள்விகளை அவரே கேட்க வேண்டும்.

முதலாவது, முழுப் பிரதி எங்கே? பிரதி எடுத்ததாகச் சொன்னால் மட்டும் போதாது. அதை வேறொரு கணினியில் திறந்து, நேற்றைய பில் ஒன்றையும் ஒருவருடைய கடன் மீதியையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது கடையோடு கணக்கும் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்மாந்துறைப் பக்கம் உறவினர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்தால் கூடப் போதும்.

இரண்டாவது, ஒத்திகை பார்த்தீர்களா? ஒரு கவுன்டர், ஒரு பிரின்டர், ஒரு பார்கோட் வாசிப்பான் ஆகியவற்றைப் புதிய பதிப்போடு முதலில் இணைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, எத்தனை மணிக்குத் திரும்புவோம்? இன்ன நேரத்துக்குள் சரிவராவிட்டால் பழைய நிலைக்கே திரும்புவது என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். பழைய டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டு, புதிய டிஸ்க்கில் நிறுவச் சொன்னால் திரும்பிச் செல்வது இலகு.

நாளைத் தெரிவதிலும் கவனம் தேவை. ஜும்ஆவுக்காகக் கடை மூடும் இடைவெளி இந்த வேலைக்குப் போதாது. பெருநாள் வியாபார நாட்களில் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம். விற்பனை குறைந்த காலத்தில், மறுநாளும் கடையை மூடி வைக்கக்கூடிய ஒரு மாலைப்பொழுதைத் தெரிவு செய்யுங்கள். அன்று கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றும், அச்சிட்ட விலைப்பட்டியலும் கடன் பட்டியலும் மேசையில் தயாராக இருக்கட்டும்.

கணினி பழுதானால் புதிதாக வாங்கலாம். மென்பொருளை மீண்டும் நிறுவலாம். ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு தொலைந்தால் அதைக் கடையில் வாங்க முடியாது. அது எமது முதல் மட்டுமல்ல, பிறரது அமானிதமும் கூட. அடுத்த முறை சேர்வரைத் தொட முன் அந்தப் பிரதியை ஒருமுறை திறந்து பாருங்கள்.