பன்றி விரட்டத் துப்பாக்கி: நாட்டுத் துப்பாக்கியா, தோட்டாத் துப்பாக்கியா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. இங்கும், தெற்கே ராஜபாளையம் வரையிலும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் காட்டை ஒட்டியே அமைந்திருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் ஓடைப் புதரிலிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்குகின்றன. கீழே விழுந்த மாம்பழத்தைத் தின்பதோடு நின்றால் பரவாயில்லை. மக்காச்சோளத்தைச் சாய்க்கின்றன, நிலக்கடலையைக் கிளறுகின்றன, ஒரு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னங்கன்றை அடியோடு தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகின்றன.

அந்த நிலையில் “கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்!” என்ற எண்ணம் வருவது இயற்கை. மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி போதுமா, தோட்டா போடும் துப்பாக்கி வேண்டுமா என்பது அடிவாரத்து விவசாயிகள் பலருடைய கேள்வி. தானாகத் தோட்டா ஏறும் ரைபிள் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. பணத்தைக் கொடுக்குமுன் துப்பாக்கியின் குணத்தையும் சட்டத்தின் நிலையையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் எதைத் தருகிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு பயிர்ப் பாதுகாப்பைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. உண்மையாகப் பயிரைக் காப்பதற்காகக் கேட்பவருக்கு, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்பது அதன் பொது விதி. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டும், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வேறு மழுமழுப்பான குழல் துப்பாக்கிக்கு அனுமதி கொடுக்கலாம். ஆகவே தோட்டாத் துப்பாக்கி கேட்பவர், நாட்டுத் துப்பாக்கி ஏன் தமக்குப் போதாது என்பதை மனுவிலேயே காரணத்தோடு எழுத வேண்டும்.

லைசென்ஸ் காகிதத்தில் நாட்டுத் துப்பாக்கியை எஸ்.பி.எம்.எல். என்றும், ஒற்றைக் குழல் தோட்டாத் துப்பாக்கியை எஸ்.பி.பி.எல். என்றும், இரட்டைக் குழலை டி.பி.பி.எல். என்றும் குறிப்பார்கள். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். மனு கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். போலீஸ் விசாரணை அறிக்கை வந்த பிறகே முடிவு செய்வார்கள்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அது தானாக மகனுக்கு வந்துவிடாது. போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, தம் பெயருக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான்.

நாட்டுத் துப்பாக்கி

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த மருந்தைக் குழலின் வாய் வழியாகப் போட்டு, அடைப்பை வைத்துக் கம்பியால் இடித்து, மேலே ரவை போட்டு, மறுபடி அடைத்து, பின்பக்கம் கேப்பு பொருத்திச் சுடுவது இது. விலை குறைவு. சத்தமும் புகையும் அதிகம். லைசென்ஸ் கேட்பதற்கும் இதுவே எளிது.

குறைகள் பல. ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிப்பதற்கு ஒரு நிமிடமாவது ஆகும்; இருட்டில் இன்னும் நேரமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மருந்து ஈரம் இழுத்துக்கொள்ளும். அப்போது விசையை அழுத்தியதும் வெடிக்காமல், சற்றுத் தாமதித்து வெடிப்பதுண்டு. வெடிக்கவில்லையே என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும்.

மருந்தின் அளவு இன்னொரு ஆபத்து. தோட்டாவில் மருந்து தொழிற்சாலையிலேயே அளந்து போடப்படுகிறது. இங்கே அளவு விவசாயியின் கையில். சத்தம் பெரிதாக வேண்டும் என்று கூடுதலாகப் போட்டாலும், ஏற்கெனவே கெட்டித்தது தெரியாமல் மறுபடி கெட்டித்தாலும் குழல் பிளந்துவிடும். இடது கையும் கண்ணும் போகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, கெட்டித்த மருந்தை எளிதில் வெளியே எடுக்க முடியாது என்பது. “ராத்திரிக்கு ஆகும்” என்று கெட்டித்தபடியே காவல் குடிசையில் மாட்டி வைப்பார்கள். குழந்தைகள் விளையாட்டாக எடுத்து விபத்து நேர இதுவே வழி. கரிமருந்தின் கசடு இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே சுடுதண்ணீர் விட்டுக் குழலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் குழலின் பலம் குறைந்துகொண்டே போகும்.

தோட்டாத் துப்பாக்கி

நம் நாட்டில் பெரும்பாலும் புழங்குவது 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் பொருந்துமோ, அதுவே 12 போர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 20 போர் 12-ஐ விடச் சிறியது.

இதன் முக்கியமான நன்மை பாதுகாப்பு. குழலை மடித்துத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா, இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழையுமுன் இரண்டையும் தனித்தனியே எடுத்து, துப்பாக்கி ஓர் இடம், தோட்டா ஓர் இடம் என்று பூட்டி வைக்கலாம். தொழிற்சாலைத் தோட்டா ஈரத்தைக் கரிமருந்தை விட நன்றாகத் தாங்கும். சில விநாடிகளில் அடுத்த தோட்டாவைப் போடலாம்.

ஆனால் விலை அதிகம். தோட்டாவும் நினைத்தபடி வாங்க முடியாது; லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைதான். தோட்டாவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. அவற்றில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ளே போய்விடும். சுடும்போது அழுத்தம் மிஞ்சிவிடும். 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கிப் போய் நடுவில் சிக்கி நிற்கும். குழல் காலி என்று நினைத்து இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரு அளவுத் தோட்டாக்களையும் ஒரே பையில் போடவே கூடாது.

ரைபிள் எதற்கு?

ரைபிளின் குழலுக்குள் திருகுபுரி வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றுகொண்டே நேராக நெடுந்தூரம் போகும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தியதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்வது செமி ஆட்டோமேடிக். வெளிநாடுகளில் இலக்குப் பயிற்சிக்கும் முயல் வேட்டைக்கும் .22 போரில் இந்த வகையைத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்கள். அதைப் படத்தில் பார்த்துவிட்டு நம் பக்கத்தில் ஆசைப்படுவதில் பயனில்லை. ஆயுத விதிகளின் பட்டியலில் செமி ஆட்டோமேடிக் வகை கடுமையான தனிப் பிரிவில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் அதற்கு இடமில்லை.

சாதாரண .22 ரைபிளைச் சட்டம் இலக்குப் பயிற்சிக்காகத் தருகிறது. அதுவும் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினருக்கு. அந்தச் சிறு குண்டே தடையில்லாமல் போனால் ஒன்றரை கிலோமீட்டர் வரை செல்லும். அடுத்தடுத்துக் காவல் குடிசைகள் இருக்கும் தோப்பில் இரவு நேரத்தில் அதைச் சுடுவது, எங்கோ படுத்திருப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

சிறு வேட்டை என்பதும் இங்கே சட்டப்படி கிடையாது. முயலானாலும் கௌதாரியானாலும் சுடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காற்றுத் துப்பாக்கியில் சில வகைகளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்பது உண்மை. அதனால் மயிலையும் அணிலையும் சுடலாம் என்று ஆகிவிடாது.

பத்து கிலோமீட்டர் கணக்கு

செண்பகத்தோப்புப் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. இந்த மலைப்பகுதி 1988-இல் நரை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. வன உயிரினச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய துப்பாக்கி லைசென்ஸ் தரக் கூடாது. ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்கள் தம் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அடிவாரத்துத் தோட்டங்கள் எல்லாம் இந்தச் சுற்றளவுக்குள் வருபவை. கலெக்டர் அலுவலகத்தில் மனு நின்றுபோனால் பலருக்குக் காரணம் புரிவதில்லை. இந்த இசைவு வராததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லைசென்ஸ் கிடைத்தவரும் துப்பாக்கியோடு சரணாலய எல்லைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அங்கே வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

பன்றியைச் சுடலாமா?

“மலைக்கு அந்தப் பக்கம் சுடுகிறார்களே” என்று கேட்பார்கள். கேரளத்தில் 2022 முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களை அழைத்துச் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஏற்பாடு வேறு. 2025 ஜனவரி அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்து மூன்று வட்டங்கள்:

1 கிலோமீட்டருக்குள்: பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது.

1 முதல் 3 கிலோமீட்டர் வரை: பிடித்துக் காட்டில் விடலாம், சுடக் கூடாது.

3 கிலோமீட்டருக்கு அப்பால்: மனுவை கிராம நிர்வாக அலுவலர், வனவர், ஊராட்சித் தலைவர் அடங்கிய குழு பார்த்த பிறகு, பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடுவார்கள்.

எந்த வட்டத்திலும் விவசாயி தம் துப்பாக்கியால் தாமே சுட அனுமதி இல்லை. செண்பகத்தோப்பைப் போலக் காட்டை ஒட்டிய நிலங்கள் முதல் வட்டத்திலேயே வந்துவிடும். எனவே கடன் வாங்கித் துப்பாக்கி வாங்கினாலும் மிஞ்சுவது சத்தம் மட்டும்தான். ரவை போடாமல் வெறும் சத்தம் எழுப்புவதற்கும் வனச்சரகரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கோடையில் நாட்டுத் துப்பாக்கியின் அடைப்பு எரிந்துகொண்டே விழும். காய்ந்த புல்லில் பற்றினால் தோப்பும் போகும், காடும் போகும். அந்தச் சத்தத்துக்கும் பன்றி சில நாளில் பழகிவிடும்.

அந்தப் பணத்தை எதில் போடலாம்?

பன்றிக்குக் கண்பார்வை மட்டு, மோப்பம் கூர்மை. பகலில் படுக்கப் புதர் வேண்டும். தோட்டத்து ஓடைக்கரையில் உள்ள சீமைக்கருவேலையும் உண்ணிச்செடியையும் வெட்டிச் சுத்தமாக வைத்தால் பாதி வரத்து குறையும். விழுந்த மாம்பழத்தைப் பொழுது சாய்வதற்குள் பொறுக்கிவிட வேண்டும். மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கமாக விதைப்பது பலன் தருகிறது.

சூரிய சக்தி வேலி போடுபவர்கள் பன்றிக்காக முதல் கம்பியைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தக் கூடாது. புல் கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி குறைந்துவிடும். வாரம் ஒரு முறை செதுக்க வேண்டும். கோடையில் எர்த் கம்பியின் அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்வேலிகளுக்கு 2023-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. பதிவு செய்துகொண்டே போட வேண்டும். மோட்டார் லைனிலிருந்து நேராகக் கரண்ட் இழுப்பது கொலைக்குச் சமம். வேலிக் கருவி விட்டு விட்டு அதிர்ச்சி தரும். வீட்டுக் கரண்ட் பிடித்தவரை விடாது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த மகனே அதில் சிக்கலாம்.

ராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்கென்றே பேர் பெற்ற இனம். இன்று அதை அவிழ்த்துவிட்டுப் பன்றியைப் பிடிக்க வைப்பதும் வேட்டைதான். தோட்டத்து வீட்டில் கட்டி வைத்தால் பன்றி வரும் நேரத்தைக் குரைத்துச் சொல்லும், அது போதும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருந்தால் தூக்கமும் மிஞ்சும். சேதம் ஏற்பட்ட அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகரிடமும் எழுதிக் கொடுத்தால் நிவாரணம் கேட்க ஆதாரம் இருக்கும்.

முடிவாக

காட்டிலிருந்து தள்ளி, பத்து கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் உள்ளவர், காவலுக்குத் துப்பாக்கி வேண்டியே தீரும் என்றால், விலை கூடினாலும் தோட்டாத் துப்பாக்கியே பாதுகாப்பு. நாட்டுத் துப்பாக்கி ஏற்கெனவே வைத்திருப்பவர் கெட்டித்தபடி வீட்டில் வைக்கக் கூடாது. தேர்தல் சமயத்தில் உத்தரவு வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

செண்பகத்தோப்பு அடிவாரத்தில் இருப்பவருக்கு இரண்டு துப்பாக்கியும் வேண்டாம். துப்பாக்கிக்கு ஆகும் பணத்தில் வேலிக் கருவியும் பாட்டரியும் வாங்கினால் தென்னங்கன்று நிற்கும். கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்காது.