தாஷ்கண்டில் கிடைத்த தங்கம்

தீபா கர்மாகர் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். ரியோவில் வால்ட் இறுதிச் சுற்று 2016 ஆகஸ்ட் 14 அன்று. இங்கே நேரம் இரவு 11 மணியைத் தாண்டிவிட்டது. பொத்தேரியில் எங்கள் வீட்டில் மறுநாள் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளின் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இந்திய ஜிம்னாஸ்ட் ஒருவர் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு வந்தது அதுவே முதல் முறை.

அவர் எடுத்த தாவல் புரொடுனோவா. 25 மீட்டர் ஓடிவந்து, மேசையில் கையூன்றி எழும்பி, காற்றிலேயே முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் அடித்து நிற்க வேண்டும். பின்பக்கமாகச் சுழல்பவருக்குத் தரை முன்கூட்டியே கண்ணில் படும். முன்பக்கமாகச் சுழல்பவருக்கு அந்த வசதி இல்லை. கால் பாவும் வரை கணக்கு உடம்புக்குள்தான். சுழற்சி குறைந்தால் கழுத்துக்கே ஆபத்து. அதனால்தான் அன்றைய விதியில் அதன் கடினத்துக்கு 7.0. தீபா காலூன்றினார். ஆனால் முழங்கால் ஆழமாக மடங்கி, ஏறக்குறைய மெத்தையில் உட்கார்ந்தே எழுந்தார். செய்நேர்த்திக்கு 8.266. இரண்டு தாவல்களின் சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெய்ன்க்ரூபருக்கு 15.216.

அந்த நான்காம் இடத்தை நாடே கொண்டாடியது. பரிசாக வந்த பிஎம்டபிள்யூ காரை அகர்தலாவில் பராமரிக்க முடியாதென்று திருப்பிக் கொடுத்தது வரை செய்தியானது. பிறகு நடந்தவற்றை யாரும் அந்த அளவுக்குப் பேசவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தபோது தீபாவுக்குத் தட்டைப் பாதம். ஓடி எழும்பும்போது உந்தித் தள்ளவும், இறங்கும்போது அதிர்வை வாங்கிக்கொள்ளவும் பாதத்தின் வளைவு வேண்டும். பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தி அதைச் சரிசெய்யவே நெடுங்காலம் பாடுபட்டார். அந்தக் கால்களில்தான் 2017-இல் முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை நடந்தது. மறு ஆண்டே துருக்கியின் மெர்சினில் உலக சேலஞ்ச் கோப்பையில் தங்கம் வென்றார். மீண்டும் அதே முழங்கால் படுத்தியது. தடைசெய்யப்பட்ட மருந்துப் பொருள் சோதனையில் தெரியவந்ததால் 21 மாதத் தடையும் வந்தது. அதையும் சொல்லாமல் இந்தக் கதையை எழுதக் கூடாது. 2023 ஜூலையில் தடை முடிந்தபோது அவருக்கு 30 வயது நிரம்பப்போகிறது. பதின்வயதுப் பெண்கள் கொடிகட்டிப் பறக்கும் விளையாட்டு இது.

2024 மே 26, தாஷ்கண்ட். ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட்டில் 13.566 புள்ளிகள். வட கொரிய வீராங்கனைகள் இருவரையும் முந்தித் தங்கம். அந்தப் போட்டியில் அதுவரை எந்த இந்திய ஜிம்னாஸ்டும் தங்கம் வென்றதில்லை. ரியோவைவிட இதையே நான் உயரத்தில் வைப்பேன். 23 வயதில் துணிச்சல் தானாக வரும். அறுந்து தைத்த முழங்காலுக்கு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகும் அவர் ஓடிவந்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓய்வை அறிவித்தார். தீபாவுக்குப் பின் ஒலிம்பிக் மேடை ஏறிய பிரணதி நாயக்கைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)